மாசா மாசம் பி.எஃப் பிடிக்கிறாங்க... 58 வயதில் பென்ஷன் எவ்வளவு வரும்?

உங்கள் பி.எஃப் பாஸ்புக்கைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

பணம் எடுக்க வேண்டிய நெருக்கடி வந்தால்தான் நம்மில் பலர் அந்தப் பக்கமே போகிறோம். வீடு வாங்க முன்பணம், தங்கை கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் என்று ஏதோ ஒன்று. யு.ஏ.என் எண்ணைத் தேடி, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றி, ஓ.டி.பி-க்குக் காத்திருந்து, ஒருவழியாக உள்ளே போனால் மூன்று பத்திகள் தெரியும். ஊழியர் பங்கு, நிறுவனத்தின் பங்கு, பென்ஷன் பங்கு.

அந்த மூன்றாவது பத்தியைக் கொஞ்சம் பாருங்கள். மாதம் 1,250 ரூபாய் என்று இருக்கலாம். பூஜ்யம் என்றும் இருக்கலாம். உங்களுக்கு வயதான பிறகு மாதாமாதம் அரசுத் திட்டத்திலிருந்து பணம் வருமா, வந்தால் எவ்வளவு வரும் என்பதற்கான பதில் அந்தச் சின்னப் பத்தியில்தான் இருக்கிறது. "பி.எஃப் பிடிக்கிறாங்கல்ல, அப்புறம் என்ன, பென்ஷன் வந்துடும்" என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நம்பிக்கையை இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது பத்தியில் பணம் எப்படி வருகிறது?

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. உங்கள் பேசிக் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12% உங்களிடம் பிடிக்கப்படுகிறது. அதே 12%-ஐ நிறுவனமும் போடுகிறது. உங்கள் 12% முழுவதும் பி.எஃப் கணக்குக்குப் போகும். நிறுவனத்தின் 12% இரண்டாகப் பிரியும். 8.33% இ.பி.எஸ் எனப்படும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு, மீதி 3.67% பி.எஃப்-க்கு. இந்த இ.பி.எஸ் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசும் தன் பங்காக 1.16% போடுகிறது.

இதில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் பேசிக் எவ்வளவாக இருந்தாலும் பென்ஷனுக்கான 8.33%, மாதம் 15,000 ரூபாய்க்குத்தான் கணக்கிடப்படும். பத்தியில் தெரியும் 1,250 ரூபாய் அப்படி வந்ததுதான். 2001-ல் 6,500 ரூபாயாக இருந்த இந்த வரம்பு 2014 செப்டம்பர் 1-ல் 15,000 ஆனது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் உங்கள் வீட்டு வாடகை எவ்வளவு கூடியது என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, பத்தியில் பூஜ்யம் இருந்தால்? 2014-ல் வந்த அதே திருத்தம்தான் காரணம். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்தவர், சேரும்போதே பேசிக் 15,000 ரூபாய்க்கு மேல் என்றால், அவருக்கு இ.பி.எஸ்-ல் இடமே கிடையாது. நிறுவனத்தின் 12% முழுவதும் அவருடைய பி.எஃப் கணக்குக்கே போகும். பெங்களூரிலோ சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஐ.டி வேலையில் நல்ல சம்பளத்தோடு சேர்ந்த பலர் இந்தப் பிரிவில்தான் வருகிறார்கள். இதில் நஷ்டம் என்று எதுவும் இல்லை, பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு மாதப் பென்ஷன் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

35 வருஷம் உழைத்தால் எவ்வளவு?

இ.பி.எஸ்-ல் இருப்பவருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூத்திரம் எளிது. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தை (அதிகபட்சம் 15,000) பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டுகளுக்கு மேல் பணி இருந்தால் 2 ஆண்டுகள் போனஸாகச் சேரும்.

ஒருவர் 23 வயதில் 14,000 ரூபாய் பேசிக்கில் சேர்கிறார். சம்பளம் கூடிக்கொண்டே போகிறது, கடைசியில் லட்சத்தைத் தாண்டுகிறது. 58 வயது வரை 35 ஆண்டுகள் இடைவெளியே இல்லாமல் வேலை பார்க்கிறார். 15,000 பெருக்கல் 37, வகுத்தல் 70. மாதம் சுமார் 7,930 ரூபாய்.

அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். உச்சவரம்பு உயராத வரை அவ்வளவுதான்.

அதுவும் 35 ஆண்டுகள் கழித்து வரும் 7,930. விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய மதிப்பில் அது சுமார் 1,440 ரூபாய். இ.பி.எஸ் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் என்ன வந்ததோ அதேதான் 78 வயதிலும் வரும். அப்போது அதன் மதிப்பு இன்றைய பணத்தில் 540 ரூபாய் அளவுக்கு இறங்கியிருக்கும். இரண்டு பேர் ஹோட்டலில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வரலாம், மாதம் ஒருமுறை.

குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். இந்தத் திட்டத்தில் பென்ஷன் வாங்குவோர் 70 லட்சத்துக்கும் மேல். ஆலையிலும் மில்லிலும் தனியார் கம்பெனியிலும் காலம் முழுக்க உழைத்தவர்கள் இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லி டெல்லியில் பலமுறை போராடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆக உயர்ந்தது. சந்தாவே கட்டாதவர்களுக்குத் தரும் உதவி, பல்லாண்டுகள் சந்தா கட்டியவர்களுக்கான குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டது. முதியோர் உதவித்தொகை அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதுவும் போதாத தொகைதான். அதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மாதம் வெறும் 200 ரூபாய்.

சரி, கூட்டித் தரவேண்டியதுதானே?

இங்கேதான் எல்லா நாட்டு ஓய்வூதிய விவாதங்களும் வந்து முட்டிக்கொள்ளும் இடம். பென்ஷன் போதுமானதாக இருக்க வேண்டும். அதைத் தரும் நிதி காலியாகாமலும் இருக்க வேண்டும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது நழுவும்.

குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் கேள்வி வரும்போதெல்லாம் அரசு சொல்லும் பதில் ஒன்றுதான். இ.பி.எஸ் நிதியை மதிப்பீடு செய்தபோது, கொடுக்க வேண்டிய கடமை இருப்பைவிட அதிகம் என்று வந்திருக்கிறது. 1,000 ரூபாயைத் தருவதற்கே பட்ஜெட்டிலிருந்து பணம் போகிறது.

ஆனால் உங்கள் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு கணக்கு வருகிறது. மாதம் 1,250, அதோடு அரசின் பங்கு 174, ஆக 1,424 ரூபாய். இதை 35 ஆண்டுகள் 8% வட்டியில் போட்டுவைத்தால் சுமார் 32.7 லட்சம் சேரும். அந்தத் தொகை ஆண்டுக்கு 6% தந்தால்கூட மாதம் 16,000 ரூபாய்க்கு மேல் வரும், அசலும் அப்படியே இருக்கும். உங்களுக்குச் சொல்லப்படும் 7,930-ஐப் போல அது இரண்டு மடங்கு.

அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? யாரும் திருடவில்லைங்க. உறுப்பினர் இடையில் இறந்துபோனால் மனைவிக்கோ கணவருக்கோ வாழ்நாள் முழுக்கப் பென்ஷன் உண்டு. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் உண்டு. குழந்தைகளுக்கு 25 வயது வரை உண்டு. விபத்தில் நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனவருக்கும் உண்டு. குறைந்த வரம்பில் குறைவாகச் சந்தா கட்டிய மூத்த தலைமுறைக்கும் இதே நிதியிலிருந்துதான் போகிறது. தவிர, 35 ஆண்டுகளும் 8% கிடைக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. இது பாதி சேமிப்பு, பாதி காப்பீடு. காப்பீடு என்ற அளவில் நல்ல திட்டம். முதுமையை இதை மட்டுமே நம்பி ஓட்டலாம் என்று நினைத்தால்தான் சிக்கல்.

"அதிகப் பென்ஷன்" என்று செய்திகளில் அடிபட்டதே, அது என்ன என்று சிலர் கேட்கலாம். முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்டி, அதற்கேற்ற பென்ஷன் வாங்கும் வாய்ப்பு அது. 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 2014 செப்டம்பருக்கு முன்பே உறுப்பினராக இருந்தவர்களைப் பற்றியது. அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

1,800 ரூபாய் விஷயம்

உங்கள் முதுமைக்கான பெரிய பணம் பென்ஷன் பத்தியில் இல்லை, முதல் இரண்டு பத்திகளில்தான் இருக்கிறது. அங்கே பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு இடம் உண்டு.

சட்டப்படி நிறுவனம் 15,000 ரூபாய் வரைதான் 12% போட்டாக வேண்டும். அதாவது மாதம் 1,800. பேசிக் 30,000 ஆனாலும் 80,000 ஆனாலும் 1,800-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் முழு பேசிக்குக்கும் போடுகின்றன, பல நிறுவனங்கள் 1,800-ல் நிறுத்துகின்றன. சேரும் நாளில் எச்.ஆர் அனுப்பும் இருபது படிவங்களில் இதற்கும் ஒரு கட்டம் இருக்கும். கையில் கொஞ்சம் கூட வருமே என்று நாமும் டிக் அடித்துவிட்டு, ஐ.டி கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போய்விடுவோம்.

28 வயதுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தச் சம்பளம் 60,000, பேசிக் 30,000. இருவருமே இ.பி.எஸ்-ல் இல்லை. முதலாமவருக்கு முழு பேசிக்குக்கும் பிடிக்கிறார்கள். அவருடைய 3,600, நிறுவனத்தின் 3,600, ஆக மாதம் 7,200. பேசிக் ஆண்டுக்கு 6% கூடுகிறது, பி.எஃப் 8% வட்டி தருகிறது, 30 ஆண்டுகள் ஒரு பைசா எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், 58 வயதில் சுமார் 1.87 கோடி சேரும். இரண்டாமவருக்கு 1,800 கூட்டல் 1,800, மாதம் 3,600 மட்டும். வரம்பு உயராவிட்டால் அது 30 ஆண்டுகளும் 3,600-ஆகவே இருக்கும். அவருக்குச் சேர்வது சுமார் 49 லட்சம்.

மாத வருமானமாக மாற்றினால்? அந்தத் தொகை ஆண்டுக்கு 6% தருகிறது என்று வைத்தால் முதலாமவருக்கு மாதம் 93,000, இரண்டாமவருக்கு 24,500. கேட்க நன்றாக இருக்கிறது. 5% விலைவாசி உயர்வைக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் முதலாமவருக்கு சுமார் 21,600, இரண்டாமவருக்கு சுமார் 5,700.

முதலாமவர் சொக்கத்தங்கமாக இருந்து ஒரு ரூபாயைக்கூடத் தொடாமல் வைத்திருந்தும், இன்றைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது. இரண்டாமவருக்கு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர் கையில் கூடுதலாக வந்த பணத்தை வேறு எங்காவது ஒழுங்காகச் சேமித்திருந்தால் கதை வேறு. சேமிப்போம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இதைத் தொடும் ஒரு விதி உண்டு. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் 'ஊதியம்' என்றே கணக்கில் வரும். பேசிக்கைக் குறைத்துக் காட்டி, மீதியை ஸ்பெஷல் அலவன்ஸ் என்று போடும் பழக்கத்துக்கு இது கடிவாளம். ஆனால் பி.எஃப் 15,000 வரம்போடு நிற்கும் இடங்களில் பிடித்தம் மாறாது என்று தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் பே ஸ்லிப்பில் 1,800 என்று இருந்தால் அது தானாக மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

கம்பெனி மாறும்போது பணத்தை எடுத்துவிடலாமா?

இளம் ஊழியர்களின் முதுமைக்கு உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான். மூன்று வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறோம். மாறும்போதெல்லாம் பழைய கணக்கில் ஒன்றரை லட்சம், மூன்று லட்சம் கிடக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது, புது பைக் ஆசை இருக்கிறது. "சின்னத் தொகைதானே, எடுத்துக்கலாம்."

28 வயதில் எடுக்கும் 3 லட்சத்தை அப்படியே விட்டிருந்தால், 8% வட்டியில் 58 வயதில் அது 30 லட்சம். பைக் எவ்வளவு காலம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

தொழிலாளர் அமைச்சகம் 2025-ல் சொன்ன ஒரு தகவல் யோசிக்க வைக்கிறது. பி.எஃப் கணக்கை முழுமையாக முடித்துக்கொண்டு பணம் வாங்கியவர்களில் பாதிப் பேரின் கணக்கில் 20,000 ரூபாய்கூட இல்லை. முக்கால்வாசிப் பேரிடம் 50,000-க்கும் குறைவு. வட்டியைக் குறை சொல்ல முடியாது, 2024–25-க்கும் 8.25% தந்தார்கள். பணம் நடுவழியிலேயே வெளியே போய்விடுகிறது.

இதைத் தடுக்கத்தான் பி.எஃப் அறங்காவலர் குழு 2025 அக்டோபர் 13-ல் ஒரு முடிவு எடுத்தது. வேலை போனால் 75% பணத்தை உடனே எடுக்கலாம், 25% எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் எடுக்க முன்பு 2 மாதம் காத்திருந்தால் போதும், அதை 12 மாதம் ஆக்கினார்கள். பென்ஷன் பங்கை எடுக்க 36 மாதம். "எங்க பணத்தை எங்களுக்குத் தர நீங்க யார்" என்று சமூக ஊடகங்களில் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வேலை போனவருக்குக் கையில் வேறு ஆதாரமே இல்லாத நாடு இது. வேலையிழப்புக் காலத்துக்கு உருப்படியான உதவித்தொகை ஒன்று இருந்தால், முதுமைக்கான பணத்தைத் தொடாதே என்று சொல்லும் தகுதி அரசுக்கு வரும். அது இல்லாமல் பூட்டு மட்டும் போட்டால் கோபம்தான் மிஞ்சும்.

பென்ஷன் பங்கிலும் கவனம் தேவை. இ.பி.எஸ்-ல் மாதப் பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் நாலு வருஷம் இருந்து, ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தை எடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். வேலையை விட்டுக் கொஞ்ச காலம் வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால், பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளலாம். திரும்ப வேலைக்கு வரும்போது பழைய ஆண்டுகள் சேரும். குழந்தை பிறந்த பிறகு சில ஆண்டுகள் இடைவெளி எடுக்கும் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். அவர்களுக்குப் பணிக்காலம் குறைவு, ஆயுள் அதிகம். இரண்டும் சேர்ந்து முதுமையில் கையைக் கடிக்கும்.

அரசு ஊழியர் பென்ஷன் சண்டை நமக்கு எதுக்கு?

வரி கட்டுகிறவர் நீங்கள் என்பதால்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு ஊழியர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, பென்ஷனாக வாழ்நாள் முழுக்க வரும். அதன் மேல் அகவிலைப்படியும் கூடிக்கொண்டே போகும். தனி நிதி எதுவும் கிடையாது, அந்தந்த ஆண்டு வரிப்பணத்திலிருந்து தருவார்கள். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு (முப்படைகளைத் தவிர) அது நிறுத்தப்பட்டு, என்.பி.எஸ் வந்தது. இதில் ஊழியரும் அரசும் கணக்கில் பணம் போடுவார்கள், சந்தை எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். உறுதி இல்லை. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் பழையதற்கே திரும்புவதாக அறிவித்தன. எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை என்.பி.எஸ்-ஐப் போல 4.5 மடங்கு வரை போகலாம் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் மாத இதழில் வந்த கட்டுரை கணக்கிட்டது.

இரண்டுக்கும் நடுவில் மத்திய அரசு கொண்டுவந்ததுதான் யு.பி.எஸ், 2025 ஏப்ரல் 1 முதல். ஊழியர் 10%, அரசு 18.5% போடும். 25 ஆண்டுகள் பணி முடித்தால் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 50% உறுதி, விலைவாசிக்கேற்ப உயர்வும் உண்டு. 10 ஆண்டு முடித்தாலே குறைந்தபட்சம் 10,000 ரூபாய்.

அந்த 10,000-ஐயும் தனியார் ஊழியரின் 1,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு ஊழியர்மீது பொறாமைப்படுவதில் பயனில்லை. ஓய்வூதியம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாம். விலைவாசியோடு உயராத எந்தப் பென்ஷனும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் பாதியாகிவிடும். தனியார் துறையில் உயரும் பென்ஷன் ஏறக்குறைய யாருக்கும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2015-ல் தொடங்கிய அடல் பென்ஷன் யோஜனாவும் அப்படித்தான். அதிகபட்சம் மாதம் 5,000, அது கடைசி வரை 5,000-ஆகவே இருக்கும். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் அதில் சேரவும் முடியாது.

ஏன் இப்போதே இவ்வளவு பேச்சு?

நாடு வேகமாக முதுமையடைகிறது. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கைப்படி 2022-ல் இந்தியர்களில் 10.5% பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2050-ல் அது 20.8% ஆகும். ஐந்தில் ஒருவர். இப்போது 30 வயதாகும் நீங்களும் அப்போது அந்த வயதை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். தென்மாநிலங்களில் இது முன்கூட்டியே நடக்கிறது. அரசின் மதிப்பீட்டில் 2031-ல் கேரளத்தில் 20.9%, தமிழ்நாட்டில் 18.2%.

60 வயதை எட்டிய இந்தியர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். அதே நேரம் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. இந்த நாட்டின் மிகப்பெரிய ஓய்வூதியத் திட்டம் எது என்று கேட்டால், பிள்ளைகள் என்பதுதான் நேர்மையான பதில். மாதம் பிறந்தால் ஊருக்கு ஜிபே பண்ணுகிறீர்களே, அதுதான். நாலு பேர் பகிர்ந்து சுமந்ததை இப்போது ஒருவரோ இருவரோ சுமக்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு அனுப்பிவிட்டு உங்கள் முதுமைக்கும் சேர்க்க வேண்டியிருப்பதால்தான் இந்தத் தலைமுறைக்கு மூச்சு முட்டுகிறது.

மாதச் சம்பளக்காரர்கள் இந்தியாவில் சிறுபான்மை என்பதையும் மறக்கக் கூடாது. 2023–24 தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலை செய்வோரில் 21.7% பேர்தான் மாதச் சம்பளக்காரர்கள், 58.4% பேர் சுயதொழில் செய்பவர்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி ஊழியருக்கு பாஸ்புக்கே கிடையாது. ஆப் நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 1 முதல் 2% வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்று 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதிலிருந்து பென்ஷன் என்று ஒன்று அவர் கைக்கு வந்தால்தான் அது சட்டம்.

மெர்சர் நிறுவனமும் சி.எஃப்.ஏ இன்ஸ்டிட்யூட்டும் ஆண்டுதோறும் நாடுகளின் ஓய்வூதிய அமைப்புகளுக்கு மதிப்பெண் போடுகின்றன. 2024-ல் நெதர்லாந்துக்கு 'ஏ', இந்தியாவுக்கு 44 மதிப்பெண்ணோடு 'டி'.

உலகம் முழுக்க இதற்கு மூன்று வழிகள்தான் தெரியும். அதிகம் கட்டுவது, குறைவாக வாங்குவது, அதிக காலம் வேலை செய்வது. சீனா 2025 முதல் ஓய்வு வயதைப் படிப்படியாக ஏற்றத் தொடங்கிவிட்டது. நம் 2018–19 பொருளாதார ஆய்வறிக்கையும் ஓய்வு வயதை உயர்த்துவது பற்றிப் பேசியது. ஏ.சி அறையில் கம்ப்யூட்டர் முன் இருப்பவருக்கு 62 சரி. சாரத்தில் ஏறிச் செங்கல் சுமப்பவருக்கு 50-லேயே முதுகு போய்விடுகிறது. ஒரே வயதை எல்லோருக்கும் வைப்பதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

நீங்கள் இப்போது எதைப் பார்க்கலாம்?

முதலில் அந்த பே ஸ்லிப். பி.எஃப் 1,800-ஆ, முழு பேசிக்கின் 12%-ஆ? 1,800 என்றால் மாற்ற முடியுமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். நிறுவனம் தன் பங்கை ஏற்ற மறுத்தாலும், உங்கள் பங்கை மட்டும் வி.பி.எஃப் என்ற பெயரில் கூட்டிக்கொள்ளலாம்.

நிறுவனம் வழியாக என்.பி.எஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிய வரி முறையிலும் நிறுவனம் உங்களுக்காக என்.பி.எஸ்-ல் போடும் தொகைக்கு, பேசிக்கில் 14% வரை வரி கிடையாது. புதிய முறையில் மிச்சமிருக்கும் சில சலுகைகளில் இது ஒன்று. முன்பு 60 வயதில் 40% பணத்துக்குக் கட்டாயமாக ஆனுவிட்டி, அதாவது மாதாமாதம் தொகை தரும் திட்டம், வாங்க வேண்டும். அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு அதை 2025 டிசம்பரில் 20% ஆகக் குறைத்தார்கள். சுதந்திரம் கூடியிருக்கிறது. மொத்தப் பணமும் ஒரே நாளில் கைக்கு வந்தால் சொந்தக்காரர்களும் கூடவே வருவார்கள் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

பழைய கம்பெனிகளின் பி.எஃப் எல்லாம் ஒரே யு.ஏ.என்-ல் வந்து சேர்ந்திருக்கிறதா பாருங்கள். பழைய கம்பெனி நீங்கள் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

கடைசியாக நாமினேஷன். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரையோ அப்பாவின் பெயரையோ போட்டிருப்பீர்கள். பி.எஃப் விதிப்படி, கல்யாணம் ஆனதும் அந்தப் பழைய நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை தரும் காப்பீடும் இதே கணக்கோடுதான் இணைந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போயிருக்கிறீர்கள் அல்லவா, வெளியே வருவதற்கு முன் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.